எந்தப் பெட்டி பாடுகிறது?

கண்ணாடிக்காரர் மனைவியின் தம்பி அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைப் படியில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மணியடிக்கக் கை ஒழியாததால் காலால் கதவை உதைத்தான்.

"மாமா! சீக்கிரம் தெறங்க, கை ரெண்டும் கழண்டு விழப்போகுது!"

கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். இருவருமாகப் பிடித்து ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மரக்கூடு, வெள்ளி நிற முகப்பு, கைக்கு அடக்கமான கனத்த திருகுகள், நடுவே முள் ஆடும் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். மச்சினன் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடை முதலாளி வீட்டை ஒழித்தபோது குப்பைக்குப் போக இருந்ததை இவன் காப்பாற்றி, உள்ளே பழுதானதை எல்லாம் மாற்றிக் கொண்டுவந்திருந்தான். காப்பாற்றியவன் ஏன் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கத் தேவையில்லை. அவன் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"இங்கயும் ஒரு வீட்டுக்காரி இருக்கேன், மறந்துட்டியாடா?" என்றபடி அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். இடுப்பில் கை வைத்துப் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏற்கெனவே உங்க மாமாவுக்கு ஒண்ணு இருக்கு. ஹால்ல ஒரு பெட்டிக்குத்தான் இடம். எது இருக்கணும்னு மாமனும் மச்சானுமா முடிவு பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு வெளிய போயிடணும்."

ஏற்கெனவே இருந்த பெட்டி கண்ணாடிக்காரர் போன மழைக்காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கறுப்பாக, சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருக்கும். வாங்கிய அன்று மனைவி "சின்னதா அழகா இருக்கே" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கிறாள். பிள்ளைகள் கிழித்த புத்தகங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, பசையும் டேப்பும் வைத்து, மாலை நேரத்தில் ஹால் மேசையில் உட்கார்ந்து ஒட்டுவது அவள் வழக்கம். இப்போதெல்லாம் கண்ணாடிக்காரர் பாட்டுப் போட்டால் போதும், புத்தகங்களை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடுகிறாள். கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்காது. அவ்வளவு மெதுவாகச் சாத்துவாள். அந்த மெதுவுதான் கண்ணாடிக்காரரை உறுத்தும். படார் என்று சாத்தினாலாவது என்ன கோபம் என்று கேட்கலாம்.

பழைய பெட்டியை ஸ்பீக்கர்களோடு இணைத்து ஒரு பாட்டைப் போட்டார்கள். முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது, முட்கள் துள்ளின. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா, இதைக் கேளுங்க. உங்க டப்பாவுல எலும்புதான் கேட்டுச்சு. இதுல சதையும் இருக்கு!"

கண்ணாடிக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'தோன்றுவது' என்பதை நம்பாமலிருக்க அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தது. தெருமுனைக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பார்ப்பவர் அவர். உட்காருகிறவரின் மூக்கில் ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" என்று கேட்பதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. அந்தக் கேள்விக்கு மனிதர்கள் எப்படித் தடுமாறுவார்கள் என்று பார்த்திருக்கிறார். லாரி ஓட்டுகிறவர், பெரிய அதிகாரி, யாராயிருந்தாலும் ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அங்கே விடை எழுதியிருப்பதுபோல.

"கண்ணுல பாத்துட்டுக் கேட்டா இதுதான் நல்லா இருக்கும், மாப்ள. இவ்வளவு பெருசு, இவ்வளவு பளபளப்பு. எது பாடுதுன்னு தெரியாமக் கேட்டுச் சொல்லணும். அதான் டெஸ்ட்."

மச்சினனுக்கு உற்சாகம் பொங்கியது. பையிலிருந்து ஒரு சாம்பிள் துணியை எடுத்து இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டான். தொழில்காரன் அல்லவா, மடிப்புகூட ஒரே சீராக விழுந்தது. ஒரே பாட்டு இரண்டு பெட்டிக்கும் போகும்படி ஒயரைப் பிரித்தார்கள். இரண்டிலிருந்தும் வரும் ஒயர்கள் மச்சினன் கொண்டுவந்திருந்த ஒரு மாற்றுப் பெட்டியில் சேர்ந்தன. அதிலிருக்கும் ஸ்விட்சை இப்படித் தட்டினால் பழையது பாடும், அப்படித் தட்டினால் சின்னது பாடும். 'டக்' என்ற ஓசை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஸ்விட்ச் போடுவதற்கு மனைவியைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். "காசைச் சுண்டு. பூ விழுந்தா பழசு, தலை விழுந்தா சின்னது. நீயா யோசிச்சு எதையும் மாத்தக்கூடாது" என்றார் கண்ணாடிக்காரர்.

"யோசிக்கக்கூடாதுன்னா சரி. அதுக்குன்னா வரேன்" என்று அவள் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். சரியாகச் சொன்னால் கயிற்றில் பச்சை கிளிப், தப்பென்றால் சிவப்பு. கொடியிலிருந்து துணி கிளிப்புகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

முதல் சுற்றில் கண்ணாடிக்காரர் ஒன்றுகூடத் தப்பவில்லை. கயிறு முழுக்கப் பச்சை. மச்சினன் எழுந்து நின்று கை தட்டினான். ஆனால் அவருக்கு ஏதோ இடித்தது. இரண்டு அடி நடந்து யோசித்தார்.

"பழசு கொஞ்சம் சத்தமா வைக்கப்பட்டிருக்கு. அதை வச்சுத்தான் சொன்னேன். பெரிய எழுத்தை யார் வேணாலும் படிச்சிடுவாங்க."

செல்போனில் சத்தம் அளக்கிற ஒன்று இருந்தது. அதை நாற்காலியில் வைத்து, ஒரே சீரான இரைச்சலை ஓடவிட்டு, சின்னப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்வரை பார்த்தார். இரண்டாம் சுற்று தொடங்கியது.

இந்த முறையும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் வேடிக்கை. பாட்டு ஆரம்பித்த உடனே ஆழமும் அகலமும் கேட்டன. "பழசு" என்றார். சிவப்பு கிளிப். அடுத்து குரல் மெலிந்து கேட்டது. "சின்னது." சிவப்பு. "பழசு." பச்சை. "பழசு." சிவப்பு. கயிறு இரண்டு நிறமும் கலந்து, யாரோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டியதுபோல் ஆனது. கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டுகிறாளோ என்று ஒரு முறை திரையை விலக்கிப் பார்த்தார். ஸ்விட்ச் காசு சொன்னபடிதான் இருந்தது. அவர் 'சதை' என்று நினைத்தது பெரும்பாலும் சின்னப் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுபடி உட்கார்ந்தார். இப்போது எதைக் கேட்டாலும் இரண்டு மாதிரியும் கேட்டது. பழசு என்று நினைத்தால் பழசாக, சின்னது என்று நினைத்தால் சின்னதாக. ஒரு கட்டத்தில் பாட்டைக் கேட்கவில்லை, திரைக்குப் பின்னால் மனைவியின் வளையல் எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்து வெட்கமாகிவிட்டது. எழுந்துகொண்டார்.

"நீ உக்காரு, மாப்ள."

மச்சினனுக்கும் பாதிக்குப் பாதி. அவன் அசரவில்லை. "கரண்ட்டு சரியில்ல மாமா. மத்தியானம் ஆனா எல்லா வீட்லயும் ஏசி ஓடும், பெட்டிக்குத் தெம்பு குறைஞ்சிடும்" என்றான். "ஒரே கரண்ட்டுதானேடா ரெண்டுக்கும் போகுது?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "அக்கா, நீ வந்து உக்காரு. வேடிக்கை பாக்குறவங்களுக்குச் சுலபமாத்தான் தெரியும்."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அடுப்புல வேலை கிடக்கு."

"ஒரே ஒரு சுற்று. விளையாட்டுக்கு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் திரைக்குப் பின்னால் போனார். காசைச் சுண்டினார், ஸ்விட்சைத் தட்டினார், பாட்டை ஓடவிட்டார்.

"சின்னது" என்றாள். பாட்டில் பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை.

பச்சை. மறுபடி சுண்டினார். "சின்னதேதான்." பச்சை. "இப்ப பழசு." பச்சை. அவர் கிளிப்பை மாட்டி முடிப்பதற்குள் அடுத்த விடை வந்துகொண்டிருந்தது. பத்தையும் தாண்டிப் போயிற்று. ஒரு சிவப்பு இல்லை.

மச்சினன் வாயைப் பிளந்தான். ஷோகேஸ் கண்ணாடியில் ஸ்விட்ச் தெரிகிறதா என்று போய்ப் பார்த்தான். தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து அக்காவின் கண்ணைக் கட்டினான். "மாமா, நீங்க மூச்சு விடுறதை வச்சே கண்டுபிடிக்குது போல. நீங்க நகருங்க" என்று தானே திரைக்குப் பின்னால் போனான். அப்போதும் ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணாடிக்காரர் கயிற்றை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். கடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார், இப்படிப் பார்த்ததில்லை. சின்ன எழுத்து வரியைக்கூட, அட்டையைச் சுவரில் திருப்பி மாட்டிவிட்டுக் கேட்டாலும் படித்துவிடுவாள் போலிருந்தது.

"எப்படிச் சொல்ற?"

"சும்மாதான் சொல்றேன்."

"சும்மா சொன்னா எல்லாமே சரியா வருமா?"

அவள் துண்டை அவிழ்த்தாள். இரண்டு பேரும் தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

"இதுல என்னங்க இருக்கு? சின்னப் பெட்டி போட்டா அந்தச் சத்தம் வருது, பழசு போட்டா வரல. இதுக்கு எதுக்குக் கண்ணை மூடி, தலையை ஆட்டி, சதை எலும்புன்னு பேசிக்கிட்டு?"

"எந்தச் சத்தம்?"

"அதாங்க. ஈஈன்னு. ஊசியால குத்துற மாதிரி."

மாமனும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு சத்தமும் இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லையா?" அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். "வாங்கின நாள்ல இருந்து இருக்கே."

பாட்டை நிறுத்தினார்கள். மின்விசிறியை அணைத்தார்கள். ஃபிரிட்ஜை அணைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். வீடு அடங்கியது. கண்ணாடிக்காரர் திரைக்குப் பின்னால் ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார்.

"ஆமா மாமா, கேக்குது! லேசாக் கேக்குது!" என்றான் மச்சினன்.

"நான் இன்னும் சின்னதுக்கு மாத்தவே இல்ல, மாப்ள."

பிறகு மாற்றினார். "இப்ப இருக்கு" என்றாள் அவள். திருப்பினார். "இல்ல." ஸ்விட்சை இரண்டு முறை தட்டி அதே இடத்துக்குக் கொண்டுவந்து ஏமாற்றிப் பார்த்தார். "இப்பவும் இல்ல." கண்ணாடிக்காரரின் காதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அமைதி. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். துணி மணத்தது, தூசி மணத்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

மச்சினன்தான் செல்போனில் வேறொன்றைத் தேடி எடுத்தான். காதில் விழும் ஒலியைப் படமாக வரைந்து காட்டுவது. இடது ஓரத்தில் கனத்த ஓசைகள், வலது ஓரம் போகப் போகக் கூர்மையானவை. போனை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினார்கள். பழைய பெட்டிக்கு வலது ஓரம் வெறிச்சென்று இருந்தது. ஸ்விட்சைத் தட்டினார். வலது ஓரத்தில், தனியாக, மெல்லிய கோடு ஒன்று எழுந்து நின்றது. தட்டினார், படுத்துவிட்டது. தட்டினார், எழுந்தது.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு அங்கேயே நின்றது.

"வயசானா மேல இருக்கிற சத்தமெல்லாம் முதல்ல போயிடும்னு சொல்வாங்க மாமா" என்று மச்சினன் மெல்லத் தொடங்கினான். அவனுக்கும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் பேச்சை அங்கேயே விட்டான். "லிஃப்ட் வந்துடுச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவர் சின்னப் பெட்டியை அணைத்தார். மனைவி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கடையில் அடுத்தது என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்போதும் தெரியும். இங்கே தெரியவில்லை.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? உங்களுக்கும் கேக்குதுன்னுதான் நெனச்சேன். அந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கிட்டு உக்காந்து கேக்குறாருன்னா, மனுஷனுக்குப் பாட்டுன்னா அவ்வளவு இஷ்டம் போலன்னு." கொஞ்சம் தயங்கினாள். "ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. அதுல போய்க் குறை சொல்லிக்கிட்டு."

"அதனாலதான் உள்ள போயிடுவியா?"

"தலை வலிக்குமே."

அவர் எத்தனை மாலைகளை இதில் தொலைத்திருந்தார்! சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். அவளுக்குப் பிடித்த பாட்டாகத் தேடிப் போட்டுப் பார்த்தார். அதற்கும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனாள். ஒரு வாரம் எதையும் போடாமல் இருந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவள் ஹாலிலேயே உட்கார்ந்து, நூலகத்தில் நடந்ததை எல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்படியென்றால் நான் வேண்டும், என் பாட்டு வேண்டாமா? அல்லது நான் கேட்கும்போது என் முகம் எப்படியோ ஆகிவிடுகிறதா? ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பாட்டுக் கேட்பதுபோல் முகத்தை வைத்துப் பார்த்ததுகூட உண்டு. அதை இப்போது சொல்ல முடியாது.

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"நானுந்தான்." அவள் தரையைப் பார்த்தாள். "என்னை உள்ள அனுப்பத்தான் போடுறாரோன்னு ஒரு நாள் தோணுச்சு."

அவருக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. "உன்னையா? நானா?" என்றார்.  அவள் எழுந்து போனது தன்னால் அல்ல என்ற நல்ல சேதி வந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் மனம் அந்தப் பக்கம் போகாமல் வேறெங்கோ முட்டிக்கொண்டு நின்றது. ஒரே அறையில், ஒரே நேரத்தில், அவளுக்கு ஊசியும் தனக்குப் பாட்டுமாக இருந்திருக்கிறது. இன்னும் என்னென்ன அப்படி இருக்கிறது?

எழுந்து போய் சுவரிலிருந்த செல்போன் சார்ஜரைக் காட்டினார். "இது?"

"அது லேசா ஒரு மாதிரி இழுக்கும். பரவாயில்ல."

காதை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. "டியூப் லைட்?"

"இல்ல."

"நிஜமா இல்லையா, எனக்காகச் சொல்றியா?"

"நிஜமாத்தாங்க."

"வேற எதெல்லாம் எனக்குக் கேக்காம இருக்கு?"

"நான் கூப்பிட்டா கேக்காது" என்றாள் அவள். "அது கல்யாணம் ஆன நாள்ல இருந்தே."

வெளியே லிஃப்ட் கதவு திறக்கிற ஓசை கேட்டது. மச்சினன் வந்ததும் சின்னப் பெட்டியைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். அவன் கடையில் நாள் முழுக்க வண்டிச் சத்தம்தான், அங்கே பாடட்டும் என்று முடிவானது. "எதுக்கும் முதல்ல உன் வீட்டுக்காரியை விட்டுக் கேக்கச் சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர். கொண்டுவந்த பெட்டி தங்கிவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எதனால் தங்கியது என்பதை மட்டும் கேட்காமல் கிளம்பிவிட்டான்.

மாலையில் அவர் பழைய பெட்டியைப் போட்டார். படுக்கையறையிலிருந்து புத்தகப் பையும் பசை டப்பாவும் வந்து மேசையில் அமர்ந்தன. அட்டை கழன்ற கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தட்டி நேராக்கினாள் அவள். கண்ணாடிக்காரர் பாட்டைக் கேட்கப் பார்த்தார். நன்றாக இருந்தது. பெட்டியால் நன்றாக இருக்கிறதா, அவள் அங்கே உட்கார்ந்திருப்பதாலா என்று பிரித்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. இதற்குத் திரை கட்டி, காசு சுண்டி, கிளிப் மாட்டிப் பார்க்க வழியில்லை.

"மேளம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்றாள் அவள், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

அவர் எழுந்து போய், அன்று யாருமே தொடாத இன்னொரு திருகைப் பிடித்து மெல்லத் திருப்பினார். கரகரவென்று, யாரோ தொண்டையைச் செருமுவதுபோல், இரண்டு ஸ்பீக்கரும் உறுமின.

அவள் நிமிர்ந்தாள். "என்னங்க அது?"

"உனக்கும் கேட்டுச்சா?"

"கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும்."

"உள்ள தூசி அடைச்சிருக்கும். நாளைக்குத் துடைச்சிடறேன்" என்றார். சொல்லிவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமலே, அந்தத் திருகை இன்னொரு முறை அந்தக் கோடிக்குத் திருப்பி, இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தார்.